கொரிந்து என்ற ஊர்ப்பெயர்: எங்கிருந்து வந்தது, லத்தீனில் எந்தப் பால், எந்த வேற்றுமை?

நெடில்தேடி:
கி.மு. 146இல் கொரிந்தை அழித்த ரோமத் தளபதி லூக்கியுஸ் மும்மியுஸ் ஹெர்க்குலிஸுக்குக் கோயில் எடுத்து வைத்த கல்வெட்டு இருக்கிறதே, அதில் "அகாயா பிடிபட்டு, கொரிந்து அழிக்கப்பட்டு, ரோமுக்கு வெற்றி உலாவுடன் திரும்பினான்" என்று ஒரு வரி. "கொரிந்து அழிக்கப்பட்டு" என்ற இடத்தில் கல்லில் உள்ளது "கொரிந்தோ தேலேத்தோ". ஆனால் இலக்கண நூல்கள் எல்லாம் கொரிந்துஸ் பெண்பால் என்கின்றன. அப்படியானால் தேலேத்தா என்றல்லவா இருக்க வேண்டும்? கல்வெட்டு தவறா, நூல் தவறா?

கூடவே இரண்டு கேள்வி. "கொரிந்தில்" என்பதற்கு ஆறாம் வேற்றுமை வடிவம் (கொரிந்தீ) ஏன் வருகிறது? இந்தப் பெயர் கிரேக்கச் சொல்தானா?

லத்தீன் சொற்களை நம் எழுத்திலேயே எழுதுகிறேன். லத்தீன் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. நம் எழுத்தில் தானாகவே தெரிந்துவிடும், இந்தப் பேச்சுக்கு அது பெரிய வசதி.

கல்லெழுத்து:
முதலில் கல்லைச் சரியாகப் படிப்போம். அங்கே "த" ஒலிக்கு வெறும் டி எழுத்துதான், பக்கத்தில் ஹெச் கிடையாது. பிற்கால லத்தீனில் கிரேக்கத் தீட்டாவுக்கு (மூச்சொலி சேர்ந்த த எழுத்து) டி, ஹெச் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். மும்மியுஸின் வெற்றி உலா கி.மு. 145இல் நடந்தது. அந்தக் காலத்து ரோமர் கிரேக்க மூச்சொலிகளை உச்சரிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. ரோமப் பேச்சாளர் சிசரோ கி.மு. 46இல் எழுதிய "ஓராத்தோர்" நூலில் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறார்: முன்னோர் மெய்யெழுத்துடன் மூச்சொலி சேர்த்ததில்லை என்று தெரிந்ததால் தாமும் புல்கேர், த்ரியும்புஸ், கார்த்தாகோ முதலிய சொற்களை மூச்சொலி இல்லாமலே சொல்லிவந்தாராம். கடைசியில் வழக்கை மக்களுக்கு விட்டுக்கொடுத்து, அறிவைத் தமக்கு வைத்துக்கொண்டாராம்.

ஆகவே ஹெச் இல்லாதது கல்தச்சன் பிழை அல்ல, அந்தக் காலத்து எழுத்துமுறை. தேலேத்தோவையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். கோயில் எடுத்த தளபதியின் பெயரில் வெட்டிய அரசுமுறைக் கல் அது. அவ்வளவு எளிதாக "பிழை" என்று ஒதுக்க முடியாது.

மூன்றாமுருபு:
எனக்கு வேறொரு விடை தோன்றுகிறது. ஊர்ப்பெயர் அலிப்பாலாக (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால்) இருந்திருக்கலாம், அதாவது கொரிந்தும் என்பதே எழுவாய். அலிப்பாலுக்கும் ஐந்தாம் வேற்றுமையில் தேலேத்தோதானே வரும். சிசரோவே கி.மு. 66இல் பொம்பேயுஸுக்கான உரையில் "கிரேக்கம் முழுவதற்கும் விளக்கான கொரிந்தை உங்கள் தந்தையர் அணைக்க விரும்பினர்" என்ற இடத்தில் "கொரிந்தும் ... எக்ஸ்தீங்தும்" என்றுதான் சொல்கிறார். பெண்பாலாக இருந்தால் எக்ஸ்தீங்தம் என்று வந்திருக்குமே.

பழம்பாடம்:
ஐயா, அந்த வாக்கியத்தை முழுதாகப் பாருங்கள். கொரிந்துக்கும் எக்ஸ்தீங்துமுக்கும் நடுவில் "தோத்தீயுஸ் கிரைக்கியை லூமென்" நிற்கிறது. லூமென், அதாவது விளக்கு, அலிப்பால். பக்கத்தில் நிற்கும் விளக்கப்பெயர் எச்சத்தைத் தன் பாலுக்கு இழுத்துக்கொண்டுவிட்டது. பொருளும் அதையே கேட்கிறது: அணைவது விளக்குதான், ஊர் அல்ல. ஊர்ப்பெயரும் அதன் விளக்கப்பெயரும் வெவ்வேறு பாலாக இருந்தால் பயனிலை பெரும்பாலும் விளக்கப்பெயரோடு ஒத்துப்போகும் என்ற விதிக்கு இலக்கண நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டே இதுதான். இதைக் கொண்டு கொரிந்தின் பாலை முடிவுசெய்ய முடியாது.

உண்மையில் அலிப்பாலான கிரேக்க ஊர்கள் உண்டு. இத்தாலியின் தாராஸ் லத்தீனில் தாரெந்தும் ஆயிற்று. சிசிலியின் அக்ரகாஸ் அக்ரிகெந்தும் ஆயிற்று. இரண்டிலும் கிரேக்க அடிச்சொல் -அந்த் என்று முடியும். ரோமர் காதில் விழுந்த இரண்டாம் வேற்றுமை தாரந்தா, அக்ரகந்தா. அதிலிருந்து -எந்தும் என்று புதிய எழுவாய் செய்துகொண்டார்கள். கொரிந்தொஸுக்கு அந்தத் தேவையே இல்லை. -ஒஸ் நேராக -உஸ் ஆகிவிடும்.

பெண்பாலுக்கு உறுதியான சான்று வெர்ஜிலின் "அயேனெயிஸ்" ஆறாம் பாடலில், அதே மும்மியுஸைப் பற்றிய வரியில் இருக்கிறது:

"இல்லெ த்ரியும்பாத்தா கப்பித்தோலிய அத் அல்த்த கொரிந்தோ"

த்ரியும்பாத்தாவின் கடைசி உயிர் நெடிலா குறிலா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறில் என்றால் அது பக்கத்திலுள்ள கப்பித்தோலிய என்ற அலிப்பால் பன்மையோடு சேர்ந்துவிடும், பொருள் கெடும். நெடில் என்றால் வரியின் கடைசியில் நிற்கும் கொரிந்தோவோடு சேரும்: "கொரிந்தை வென்று". சீர் பிரித்தால் தெரியும்: இல்லெ த்ரி / யும்பாத் / தா கபி / தோலி(ய்) அத் / அல்த கொ / ரிந்தோ. மூன்றாம் சீரின் முதல் அசை "தா". அறுசீர் யாப்பில் எந்தச் சீரும் நெடிலசையில்தான் தொடங்கும். எனவே -தா நெடில், ஐந்தாம் வேற்றுமை, பெண்பால். மாற்றிப் படிக்க வழியே இல்லை.

நெடில்தேடி:
இது நன்றாக விளங்கியது, நன்றி. ஆனால் சிக்கல் கூடத்தான் செய்கிறது. வெர்ஜில் பெண்பால், கல் ஆண்பால். ஒரே ஊர், ஒரே நிகழ்ச்சி.

பழம்பாடம்:
இரண்டுக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது, அதுதான் விளக்கம். லத்தீனில் -உஸ் என்று முடியும் இரண்டாம் வகைப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்பால். கிரேக்கத்தில் -ஒஸ் ஈற்றுப் பெண்பால் பெயர்கள் நிறைய: வழி என்ற ஹொதொஸ், தீவு என்ற நேசொஸ், ஊர்களில் கொரிந்தொஸ், ரொதொஸ், எபெசொஸ். கிரேக்கப் படிப்பு ரோமில் ஆழ இறங்காத காலத்தில் ஈறு பாலைத் தீர்மானித்தது. "கொரிந்துஸ், -உஸ், ஆண்பால்" என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அகஸ்டஸ் காலக் கவிஞர்கள் கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், மூலத்தின் பாலையே வைத்துக்கொண்டார்கள். ஹொரேஸ் ஒரே வாக்கியத்தில் "கிளாரம் ரொதொன்" என்கிறார். புகழ்மிக்க என்ற அடை பெண்பால், ஊர்ப்பெயரில் லத்தீன் -உம் கூட இல்லை, கிரேக்க -ஒன் அப்படியே நிற்கிறது. அடுத்தாற்போல் மித்திலேனேன், எபெசொன், கொரிந்தீ, தேபாஸ், தெல்போஸ், தெம்பே. கிரேக்க இடப்பெயர்களின் வேற்றுமைகளைப் படிக்க வேண்டுமானால் அந்த நான்கு வரி போதும்.

வேர்காண்:
பால் விஷயத்தில் கிரேக்கப் பக்கமும் முழுக்க ஒருமுகமாக இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோ தரும் பழமொழி ஒன்று (தெனேயா கொரிந்தை அடுத்த சிற்றூர்): "கொரிந்து செல்வம் கொழித்தது, நானோ தெனேயாக்காரனாக இருக்க வேண்டும்." அதில் ஊருக்கு முன் நிற்பது "ஹொ" என்ற ஆண்பால் சுட்டு, "ஹே" அல்ல. பொதுவழக்கு பெண்பால்தான், ஆனால் ஆண்பாலும் நாவில் இருந்திருக்கிறது. மும்மியுஸின் எழுத்தருக்கு அப்படியொரு கிரேக்க வழக்கே காதில் விழுந்திருந்தாலும் வியப்பில்லை.

சரி, மூலத்துக்கு வருவோம். கிரேக்கர் பேசிய சொல், ஆனால் கிரேக்க மொழியில் பிறந்த சொல் அல்ல. அடையாளம் அந்த -ந்த்- ஈறு. ஜாகிந்தொஸ், ஒலிந்தொஸ், ப்ரொபலிந்தொஸ், திரின்ஸ் (அடிச்சொல் திரிந்த்) எல்லாம் ஊரும் தீவும். அதே ஈறு பொதுச்சொற்களிலும் வரும்: லபிரிந்தொஸ், குளிக்கும் தொட்டியான அசமிந்தொஸ், கொண்டைக்கடலையான எரெபிந்தொஸ், ஹியகிந்தொஸ் என்ற பூ. மண்ணோடும் அங்கே விளைவதோடும் ஒட்டிய சொற்கள். குடியேறி வந்தவர்கள் அங்கிருந்தவர்களிடம் கேட்டுத்தான் இப்படிப்பட்ட சொற்களை எடுத்துக்கொள்வார்கள். மொழியியலாளர் கிரெட்ச்மர் 1896இல் இந்த ஈற்றை ஆசியா மைனரின் -ந்தா ஈற்று ஊர்களோடு (லப்ராவுந்தா, ஒய்னொஅந்தா) ஒப்பிட்டார். 1928இல் ஹேலியும் பிளெகனும் இந்தப் பெயர்களை வரைபடத்தில் இட்டு, தொடக்க வெண்கலக் காலக் குடியிருப்புகளின் பரவலோடு பொருத்திப் பார்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. -ந்த்- கண்ட இடமெல்லாம் முன்கிரேக்கம் என்று சொல்லிவிடக் கூடாது. பூ என்ற அந்தொஸ், துயரம் என்ற பெந்தொஸ் இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மரபில் வந்தவை. அங்கே -ந்த்- வேரின் உள்ளேயே இருக்கிறது. கொரிந்தொஸில் அது வேருக்குப் பின் ஒட்டிய ஈறு.

மூன்றாமுருபு:
"கொரி-" என்பதன் பொருள்? உச்சி என்ற கொருப்பேயோடு சேர்க்கலாமே. ஊருக்கு மேலே அக்ரோகொரிந்து 575 மீட்டர் நிற்கிறது. பொருத்தமாகத்தானே இருக்கிறது.

வேர்காண்:
மலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வரும். ஆனால் கொருப்பேயில் இருப்பது உகரம் சார்ந்த ஒலி, கொரிந்தொஸில் இகரம். ஒன்று மற்றொன்றாக மாறியதற்கு ஒலிவிதி எதுவும் காட்ட முடியாது. அதோடு, வேர் கிரேக்கம், ஈறு வேற்றுமொழி என்ற கலப்பையும் ஏற்க வேண்டியிருக்கும். மலை இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. பொருளை விட்டுவிட்டு ஈற்றோடு நிற்பதுதான் நேர்மை.

பழைய கிரேக்கர் தந்த விளக்கம் இன்னும் எளிது: கொரிந்தொஸ் என்ற மன்னன் பெயரால் ஊர். அவன் ஜீயஸின் மகன் என்று கொரிந்தியரில் பலரைத் தவிர வேறு யாரும் உறுதியாகச் சொன்னதாகத் தெரியவில்லை என்று பவுசானியாஸே எழுதிவிட்டார். ஊர்ப்பெயரிலிருந்து ஆளைச் செய்வது அங்கே வழக்கம். ஹோமரில் கிளவுக்கொஸ் சொல்லும் எபிரே என்பதும் இந்த ஊரின் பழம்பெயராகவே கொள்ளப்பட்டது.

கல்லெழுத்து:
எழுத்துச் சான்றில் இரண்டு சேர்க்கிறேன். வெண்கலக் காலக் கிரேக்க அரசான பைலோஸின் களிமண் பலகைகளில் கோ-ரி-தோ என்ற ஊர் வருகிறது, அதன் ஆள் கோ-ரி-சி-யோ. அந்த அசையெழுத்தில் மெய்க்கு முன் வரும் ன் எழுதப்படாது, த-வும் மூச்சொலித் த-வும் ஒரே குறி. எனவே கொரிந்தொஸ், கொரின்சியொஸ் என்று படிக்கிறார்கள். ஆனால் அது பைலோஸ் அரசுக்குள் இருந்த ஊர், பூசந்தி ஓரத்துக் கொரிந்து என்று எடுத்துக்கொண்டால் தவறு. பெயர் பழமையானது என்பதற்குச் சான்று, அவ்வளவே. இகரத்துக்கு முன் த சகரமாவதைப் பிற்காலத்திலும் பார்க்கலாம்: ப்ரொபலிந்தொஸ் ஊர்க்காரன் ப்ரொபலிசியொஸ். நம் கொரிந்தில் மட்டும் கொரிந்தியொஸ் என்று த நிலைத்துவிட்டது.

இரண்டாவது காசு. சிறகுக் குதிரை பொறித்த கொரிந்து வெள்ளிக்காசு, எடை சுமார் 8.6 கிராம். குதிரையின் அடியில் ஒரு வட்டமும் அதன் கீழே குச்சியும்: கொப்பா என்ற எழுத்து. பழங்காலத்தில் ஒகர உகரத்துக்கு முன் வரும் க ஒலியை அதனால் எழுதினார்கள், ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் அதுவே. நெடுங்கணக்கில் அந்த எழுத்து 90 என்ற எண்ணாக மட்டும் ஒதுங்கிய பிறகும் காசில் தொடர்ந்தது. லத்தீனின் கியூ எழுத்து இந்தக் கொப்பாவின் வழி வந்ததுதான், ஆனால் லத்தீனில் கொரிந்துஸை அந்த எழுத்தால் எழுதவில்லை.

நெடில்தேடி:
இனி வேற்றுமை. "கொரிந்தீ" ஏன்?

பழம்பாடம்:
அது ஆறாம் வேற்றுமையே அல்ல, அந்த உருவத்தில் நிற்கும் ஏழாம் வேற்றுமை. பழைய லத்தீனில் இட ஈறு -எய், உடைமை ஈறு -ஈ. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் -எய் ஒலி -ஈ ஆகி, இரண்டும் ஒன்றாயின. முதல் வகைப் பெயரிலும் அப்படியே, ரோமை என்பது "ரோமின்" ஆகவும் "ரோமில்" ஆகவும் நிற்கும். பன்மையில் பழைய இட ஈறு மறைந்து, ஐந்தாம் வேற்றுமை -ஈஸ் அந்த வேலையையும் எடுத்துக்கொண்டது. கிரேக்கத்தில் எச்சங்கள் உண்டு. "இலியட்" 13இல் எவுக்கேனோர் கொரிந்தொதி, அதாவது கொரிந்தில், வாழ்ந்தான்.

எழுதும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில், அது ஊரா சிறு தீவா என்று பாருங்கள். ஆம் என்றால் முன்னிடைச்சொல் (இன், அத் போலப் பெயருக்கு முன் வரும் சொல்) வேண்டாம். நாடு என்றால் கட்டாயம் வேண்டும்: இன் அகாயா, இன் கிரைக்கியா. அடுத்தது எண். கிரேக்க ஊர்களில் அத்தேனை, தேபை, சிராக்கூசை, தெல்பீ எல்லாம் பன்மை. கொரிந்துஸ், ரொதுஸ், எபெசுஸ் ஒருமை. பிறகு பொருள்: இருப்பிடம் கொரிந்தீ, செல்லும் இடம் கொரிந்தும், புறப்படும் இடம் கொரிந்தோ. (கொரிந்தும் என்பதை நம் -உம் என்று படித்துவிடாதீர்கள், அது இரண்டாம் வேற்றுமை.) இலக்குக்கு உருபோ முன்னிடைச்சொல்லோ இல்லாமல் வருவது நமக்கு அந்நியமல்ல. "வீடு திரும்பினான்", "மதுரை போய்ச் சேர்ந்தான்" என்கிறோம். லத்தீனும் இந்த இரண்டு இடத்திலும் அப்படிச் செய்கிறது: ஊர்ப்பெயரிலும் வீட்டிலும்.

அத் கொரிந்தும் என்று எழுதினால் பிழை அல்ல, பொருள் மாறும்: ஊருக்குள் அல்ல, அதன் பக்கம் வரை. அடைமொழி வந்தால் இட வேற்றுமை தாங்காது. "கொரிந்து முழுவதிலும்" தோத்தா கொரிந்தோ. "ஊர்" என்ற சொல் முன்னால் வந்தால் இன் ஊர்பெ கொரிந்தோ. பின்னால் விளக்கமாக வந்தால் வேறு கதை. டாசிட்டஸ் "வரலாறுகள்" இரண்டாம் நூலின் தொடக்கத்தில், தீத்துஸ் செய்தி கேட்ட இடத்தை "கொரிந்தீ, அகாயை ஊர்பெ" என்கிறார். பெயர் ஏழாம் வேற்றுமையில், விளக்கம் ஐந்தாம் வேற்றுமையில்.

மூன்றாமுருபு:
அப்படியானால் அத்தேனீஸ் என்பது "அத்தேனையில்" என்றும் "அத்தேனையிலிருந்து" என்றும் படும். எப்படிப் பிரிப்பது?

பழம்பாடம்:
வினைதான் பிரிக்கும். "இருந்தான், வாழ்ந்தான்" என்றால் இடம், "புறப்பட்டான், வந்தான்" என்றால் நீங்கல். ஒருமைப் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை, கொரிந்தீயும் கொரிந்தோவும் தனித்தனி. லத்தீன் பைபிளில் இது அழகாகத் தெரியும். அப்போஸ்தலர் 18இன் தொடக்கத்தில் பவுல் அத்தேனையை விட்டுக் கொரிந்துக்கு வருகிறார்: "அப் அத்தேனீஸ் ... வேனித் கொரிந்தும்". போகும் இடத்துக்கு முன்னிடைச்சொல் இல்லை, விட்ட இடத்துக்கு இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தில் "கொரிந்தில் உள்ள சபைக்கு" என்ற இடத்தில் கிரேக்கம் "என் கொரிந்தோ", லத்தீன் வெறும் "கொரிந்தீ". நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் "அத்தேனே பட்டணம்" கிரேக்க லத்தீன் வடிவத்துக்கு நெருக்கமானது. ஏதென்ஸின் "ஸ்" ஆங்கிலத்தின் பன்மை ஈறு.

கல்லெழுத்து:
ஊரா இல்லையா என்ற முதல் படியில்தான் பெரியவர்களே இடறினார்கள். கி.மு. 50இல் சிசரோ அத்தேனையின் துறைமுகத்தைக் குறித்து "இன் பிரையேயா" என்று எழுத, நண்பர் அட்டிக்கஸ் குறை சொன்னார். சிசரோவின் மறுமொழி: ரோமனான நான் பிரையேவும் என்று எழுதாமல் கிரேக்க ஈற்றை வைத்ததுதான் குறை, "இன்" சேர்த்தது அல்ல, ஏனென்றால் அதை ஊராகக் கருதி எழுதவில்லை, இடமாகக் கருதி எழுதினேன். அத்தேனையின் வட்டங்களை (அதன் ஆட்சிக்குட்பட்ட சிறு பகுதிகளை) எல்லாம் ஊர் என்றால் சூனியும் என்ற வட்டம் கூட ஊராகிவிடுமே என்கிறார். நாடகாசிரியர் தெரென்ஸும் "இன் பிரையேவும்" என்று எழுதியதைத் துணைக்கு அழைக்கிறார். ஒரு முன்னிடைச்சொல்லுக்கு இவ்வளவு வழக்காடியிருக்கிறார்கள்.

நெடில்தேடி:
மூன்று வாக்கியம் முயன்றேன். "கொரிந்திலிருந்து அத்தேனைக்குப் புறப்பட்டான்": எக்ஸ் கொரிந்தீ அத் அத்தேனாஸ் ப்ரொஃபெக்துஸ் எஸ்த். "அழகிய கொரிந்தில்": கொரிந்தீ புல்க்ரை. "மும்மியுஸ் கொரிந்தியரை வென்றான்": மும்மியுஸ் கொரிந்தியேன்சேஸ் வீகித்.

பழம்பாடம்:
முதலாவதில் இரண்டு முன்னிடைச்சொல்லையும் எடுத்துவிடுங்கள், நீங்கலுக்கு ஐந்தாம் வேற்றுமை வையுங்கள்: கொரிந்தோ அத்தேனாஸ் ப்ரொஃபெக்துஸ் எஸ்த். இரண்டாவதில் அடைமொழி இருப்பதால் இட வேற்றுமை போய்விடும்: இன் புல்க்ரா கொரிந்தோ. பெண்பால் அடை சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

கல்லெழுத்து:
மூன்றாவது இலக்கணத்தில் சரி, வரலாற்றில் தவறு. மும்மியுஸ் வென்றவர்கள் கொரிந்தீயீ, எனவே கொரிந்தியோஸ் வீகித். கொரிந்தியேன்சேஸ் என்பது ரோமக் குடியேற்றம் வந்த பிறகு தோன்றிய பெயர் என்று ஃபெஸ்துஸின் அகராதி சொல்கிறது. சிசிலியின் மண்ணின் மக்கள் சிக்குலீ, அங்கே குடியேறிய ரோமர் சிக்கிலியேன்சேஸ் என்ற வேறுபாடு போன்றது. கி.மு. 44இல் சீசர் நிறுவிய குடியேற்றத்தின் பெயர் கொலோனியா லௌஸ் யூலியா கொரிந்தியேன்சிஸ். அங்கே கிடைத்தவற்றில் பேரரசன் ஹட்ரியனுக்கு முந்திய 104 கல்வெட்டுகளில் 101 லத்தீன், 3 மட்டும் கிரேக்கம். வெண்கலத்துக்கு மட்டும் பழைய அடையே நிலைத்தது: அயெஸ் கொரிந்தியும். அந்தப் பாத்திரங்கள் மீது பித்துப் பிடித்த அகஸ்டஸின் சிலையில் "என் அப்பன் அர்கெந்தாரியுஸ், நான் கொரிந்தியாரியுஸ்" என்று யாரோ எழுதிவைத்ததாகச் சூட்டோனியஸ் குறிக்கிறார். முதல் சொல் வெள்ளிக்காசு மாற்றுபவன், இரண்டாவது கொரிந்து வெண்கலக்காரன்.

நெடில்தேடி:
திருத்திக்கொண்டேன்: மும்மியுஸ் கொரிந்தியோஸ் வீகித். கல்லின் வரியை இனி "கொரிந்தோ தேலேத்தோ" என்றே படியெடுக்கிறேன், திருத்தக் குறி எதுவும் போடாமல்.